முடியாது என்று சொல்லாத இருவாச்சி

குழந்தைகளே, இந்தக் கதையை நான் கேட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கேட்ட நாளிலிருந்தே இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இதை எனக்குச் சொன்னது ஒரு மலை அணில். அணில் பொய் சொல்லியிருக்கும் என்று நான் சந்தேகப்படவில்லை. இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவர்கூட வரவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. யாரும் யாருடைய இரையையும் பறிக்கவில்லை. ஆனாலும் கதை துக்கத்தில்தான் முடிகிறது. நல்லவர்கள் மட்டுமே இருந்த ஓர் இடத்தில் அது எப்படி நடக்கும்? அணில் எதையாவது விட்டுவிட்டதா, அல்லது எனக்குத்தான் கதை கேட்கத் தெரியவில்லையா? இதை நினைத்துப் பல நாள் குழம்பியிருக்கிறேன்.

கதையை அணில் சொன்னபடியே சொல்கிறேன்.

மேற்கு மலையில், நண்பகலிலும் வெயில் தரையைத் தொடாத அடர்ந்த காட்டில், பெருஞ்சிறகன் என்று ஓர் இருவாச்சி வாழ்ந்து வந்தான். பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு கொண்டை, சிவந்த கண்கள். அவன் பறந்தால் சிறகிலிருந்து ஒரு சத்தம் வரும். பெரிய மரம் ஒன்று மூச்சு வாங்குவதுபோல இருக்கும். அவன் மலைக்கு அந்தப் பக்கம் பறந்தால் இந்தப் பக்கம் கேட்கும்.

பெருஞ்சிறகனுக்கு ஒரு குணம். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பான்.

"தம்பி, ஆற்றில் வெள்ளம் இறங்கிவிட்டதா என்று பார்த்துச் சொல்கிறாயா?" என்று மிளா மான் கேட்கும்.

"ஆகட்டும் அண்ணே."

"என் குட்டி எந்தப் பாறைப் பக்கம் போயிற்றோ தெரியவில்லையே!" என்று கரடி புலம்பும்.

"ஆகட்டும் அக்கா, இதோ பார்க்கிறேன்."

சொன்னால் செய்துவிடுவான். முகம் சுளிக்க மாட்டான். செய்ததைச் சொல்லிக் காட்டவும் மாட்டான்.

அந்தக் காட்டில் யார் எந்த வேலையைச் செய்வது என்று முடிவு செய்பவள் யானைத் தலைவி. எல்லோரும் அவளைப் பெரியம்மா என்பார்கள். யானைகள் புதரை மிதித்து வழி உண்டாக்கும். கருமந்திகள் உயரத்தில் அமர்ந்து புலி வருகிறதா என்று பார்க்கும். மரங்கொத்தி ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்து, உளுத்த மரம் எது என்று சொல்லும். அந்த மரத்தடியில் யாரும் படுக்க மாட்டார்கள். எந்தச் சரிவில் அத்தி பழுத்திருக்கிறது, எங்கே ஆல் பழுத்திருக்கிறது என்று பறந்து பார்த்துச் சொல்வது பெருஞ்சிறகனின் வேலை.

வேலை பழக வரும் இளசுகளிடம் பெரியம்மா எப்போதும் அவனைத்தான் காட்டுவாள்.

"அதோ பாருங்கள். அவன் சோம்பி உட்கார்ந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? 'எனக்கென்ன' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வேலைக்கு ஆள் என்றால் இப்படி இருக்க வேண்டும்."

மைனாக் குஞ்சுகள் அதை மனப்பாடம் செய்து, நாள் முழுவதும் கத்தும். பெருஞ்சிறகன் கூச்சத்தில் தலையைத் திருப்பிக்கொள்வான். ஆனால் அந்தக் கிளையை விட்டு உடனே பறந்துவிட மாட்டான். புகழ்ச்சி முடியும்வரை இருப்பான்.

மரங்கொத்தியை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. அதற்குச் சிடுமூஞ்சி என்று பெயர்.

"மரங்கொத்தி, இந்தக் கிளையையும் கொஞ்சம் தட்டிப் பாரேன்" என்று ஒரு நாள் கருமந்தி கேட்டது.

"முடியாது. இன்றைக்கு மேட்டு மரங்கள். இங்கே நாளைக்கு வருகிறேன்."

"கொஞ்ச நேரம்தானே ஆகும்!"

"உனக்குக் கொஞ்ச நேரம். மேட்டில் படுக்கும் மானுக்கு அது உயிர்."

"அப்பப்பா, என்ன வாய் இது! பெருஞ்சிறகனிடம் போய்க் கொஞ்சம் பேசப் பழகிக்கொள்" என்றது கருமந்தி.

மரங்கொத்தி மேட்டுக்குப் பறந்துவிட்டது. மறுநாள் வந்து அந்தக் கிளையைத் தட்டிப் பார்த்தது. வந்ததை யாரும் கவனிக்கவில்லை. 'முடியாது' என்று சொன்னது மட்டும்தான் எல்லோருக்கும் நினைவிருந்தது.

பனி விலகி, காட்டில் அத்தி பழுக்கத் தொடங்கிய காலம். பெருஞ்சிறகனும் அவன் துணை வெள்ளைக்கண்ணியும் ஒரு பெரிய நாங்கு மரத்தில் பொந்து பார்த்தார்கள்.

இருவாச்சிகளின் வழக்கம் மற்றப் பறவைகளின் வழக்கம் போன்றதல்ல. தாய்ப்பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண் பறவை மண் கொண்டுவரும். அந்த மண்ணையும் எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்து, தாய் உள்ளிருந்தபடியே வாசலை அடைத்துச் சுவர் வைக்கும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விடும். சுவர் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். பாம்பும் மரநாயும் நுழைய முடியாது. அதன்பின் தாய் தன் பறக்கும் சிறகுகளை உதிர்த்துவிடும். முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, தனக்குப் புதுச் சிறகு முளைக்கும்வரை அவளால் வெளியே வர முடியாது. வந்தாலும் பறக்க முடியாது. அத்தனை காலமும் ஆண் பறவை கொண்டுவந்து கொடுப்பதுதான் அவளுக்கும் குஞ்சுக்கும் சாப்பாடு.

கூடு இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. அதுவும் அவர்களின் வழக்கம்.

பெருஞ்சிறகன் அலகில் மண்ணோடு வந்து வாசலில் நின்றான். வெள்ளைக்கண்ணி உள்ளிருந்து அவனைப் பார்த்தாள்.

"சுவர் வைக்கலாமா?" என்று கேட்டாள்.

"வை."

"வைத்துவிட்டால் நான் எங்கேயும் போய்க் கேட்க முடியாது. நீதான் வர வேண்டும்."

"ஆகட்டும்."

அவள் சிரித்துவிட்டாள். "மிளாவுக்கும் ஆகட்டும், கரடிக்கும் ஆகட்டும், எனக்கும் அதே ஆகட்டும்தானா? எனக்கென்று வேறு வார்த்தை ஒன்றும் வைத்திருக்கவில்லையா?"

"உன்னிடம் சொல்வது வேறு. அது உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்தால் சரி" என்று சொல்லி அவள் மண்ணை வாங்கிக்கொண்டாள்.

சுவர் எழுந்தது. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. கடைசியில் பிளவும் அதற்குள் அவள் அலகும் மட்டுமே தெரிந்தன.

கூடு இருப்பது இரண்டு பேருக்குத் தெரியும். மரத்தைத் தட்டியபோது உள்ளே உயிர் இருப்பதைக் கேட்டு அறிந்தது மரங்கொத்தி. பக்கத்து மரத்தில் குடியிருந்தபடி எல்லாவற்றையும் பார்த்தது மலை அணில். இரண்டும் வெளியே சொல்லவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. காலையில் பெருஞ்சிறகன் தொண்டை நிறையப் பழம் நிரப்பிக்கொண்டு வருவான். மரத்தில் தொற்றிக்கொண்டு, ஒவ்வொரு பழமாக வெளியே எடுத்துப் பிளவில் வைப்பான். உள்ளிருந்து அவள் அலகு வந்து வாங்கிக்கொள்ளும். மாலையில் மறுபடி வருவான்.

முட்டை பொரிந்தது. கண் திறக்காத, இறகில்லாத ஒரு குஞ்சு வெளியே வந்தது. பார்க்கத் தெரியாத அந்தக் குஞ்சுக்குக் கேட்கத் தெரிந்தது. தூரத்தில் சிறகுச் சத்தம் எழுந்தால் அது வாயைத் திறந்துகொள்ளும்.

"அதோ, அப்பா வருகிறார்" என்பாள் வெள்ளைக்கண்ணி.

அந்த வருடம் கோடை முன்கூட்டியே வந்தது. ஓடைகள் வற்றி வெறும் பாறைகளாயின. பக்கத்துச் சரிவுகளில் பழம் தீர்ந்தது. யானைக் கூட்டத்தில் கன்றுகள் இருந்தன. பெரியம்மாவுக்குக் கவலை.

"தம்பி, கிழக்கு மலைக்கு அப்பால் ஏதாவது பழுத்திருக்கிறதா பார்க்க வேண்டும். தூரம்தான். இதை நம்பிச் சொல்ல எனக்கு உன்னைவிட்டால் ஆள் இல்லை."

பெருஞ்சிறகன் ஒரு கணம் நாங்கு மரத்தின் பக்கம் பார்த்தான்.

"ஆகட்டும் பெரியம்மா."

அங்கே போகிறான் என்று தெரிந்ததும் கரடி வந்தது. "கிழக்கு மலையில் தேன் கட்டியிருக்கிறதா பார். உன் வழியில்தானே இருக்கிறது?"

"ஆகட்டும் அக்கா."

"அப்படியே அந்தப் பக்கத்துக் கருமந்திகள் நம் எல்லைக்குள் வருகின்றனவா என்றும் பார்த்துவிடு" என்றது கருமந்தி.

"ஆகட்டும்."

கேட்டது எதுவும் பெரிய வேலை இல்லை. ஒவ்வொன்றும் வழியில்தான் இருந்தது. ஆனால் வழி நீண்டுகொண்டே போயிற்று.

அன்று காலைச் சாப்பாடு நண்பகலில் வந்தது. மாலைச் சாப்பாடு வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். பெருஞ்சிறகன் தானும் சாப்பிடவில்லை. அவன் நெஞ்செலும்பு வெளியே தெரியத் தொடங்கியது. கிடைத்ததை எல்லாம் கூட்டுக்குத்தான் கொண்டுவந்தான். ஆனால் பழம் தேட நேரம் இல்லாதவனுக்கு எவ்வளவு கிடைக்கும்?

"இன்றைக்குக் குறைவாக இருக்கிறதே" என்றாள் வெள்ளைக்கண்ணி.

"நாளைக்குச் சேர்த்துக் கொண்டுவருகிறேன்."

"குஞ்சுக்கு நாளைக்கு என்றால் என்ன என்று தெரியாது."

அவன் கடைசிப் பழத்தைப் பிளவில் வைத்தான்.

"காலையிலிருந்து இந்த மரத்துக்கு மேலேயே எத்தனை தடவை பறந்தாய்? ஒவ்வொரு தடவையும் உன் சிறகுச் சத்தம் கேட்டு இது வாயைத் திறக்கிறது. நீ நிற்காமல் போகிறாய். நான் 'அப்பா வருகிறார்' என்று சொல்வதை விட்டுவிட்டேன்."

"பெரியம்மா வேலை. எப்படி மறுப்பது?"

"முடியாது என்று சொல். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல். கூடு எங்கே என்றா கேட்கப்போகிறாள்? இன்னும் கொஞ்ச நாள்தான். குஞ்சுக்கு இறகு வந்துவிட்டால் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் பற."

"நம்பிக் கேட்கிறவர்களிடம் முடியாது என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்?"



"நானும் நம்பித்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்" என்றாள் வெள்ளைக்கண்ணி. "நான் என்ன நினைப்பேன் என்று உனக்குக் கவலை இல்லை. நான் எங்கேயும் போய்விட மாட்டேன் அல்லவா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, அவனால் அங்கே நிற்க முடியவில்லை. நேரே மரங்கொத்தியிடம் போனான்.

"எனக்கு ஓர் உதவி செய்வாயா? நான் வர முடியாத நேரத்தில் என் கூட்டுக்குக் கொஞ்சம் பழம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்."

"முடியாது" என்றது மரங்கொத்தி. "எனக்கும் குஞ்சுகள் இருக்கின்றன. என் தொண்டையில் பழம் தங்காது. ஆகட்டும் என்று இப்போது சொல்லிவிட்டு நாளைக்கு வராமல் போனால், உன் வீட்டில் இருப்பவள் எனக்காகவும் காத்திருப்பாள்."

பெருஞ்சிறகனின் முகம் வாடியது.

"என்ன பார்க்கிறாய்? முடியாது என்று சொன்னேன். காடு இடிந்து விழுந்துவிட்டதா? நீ என்னை வெறுத்துவிட்டாயா? இதையே போய்ப் பெரியம்மாவிடம் சொல். அவள் உன்னைத் தின்றுவிட மாட்டாள்."

பெருஞ்சிறகன் பெரியம்மாவிடம் போனான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். அப்போது அவள் கூட்டத்தின் நடுவில் நின்று இளசுகளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"வந்துவிட்டான் பாருங்கள்! மெலிந்து எலும்பாகிவிட்டான். ஒரு வார்த்தை முணுமுணுத்தானா? இவனைப் போல இன்னும் இரண்டு பேர் இருந்தால் எனக்குக் கவலையே இல்லை."

மைனாக் குஞ்சுகள் ஆரவாரம் செய்தன. கன்றுகள் தும்பிக்கையைத் தூக்கின.

"என்ன தம்பி, ஏதோ சொல்ல வந்தாய் போலிருக்கிறதே?"

"ஒன்றும் இல்லை பெரியம்மா" என்றான் பெருஞ்சிறகன்.

இந்த இடத்தில் நான் எப்போதும் கதையை நிறுத்திவிடுவேன். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாமே என்று அவன்மேல் கோபம் வரும். பிறகு, அத்தனை பேர் ஆரவாரம் செய்யும்போது நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று யோசிப்பேன். கோபம் போய்விடும்.

அன்று இரண்டு மலை சுற்றினான். கூட்டுக்கு ஒரு சில பழங்கள்தான் கிடைத்தன.

மறுநாள் காலை அவன் ஒரு முடிவோடு எழுந்தான். இன்று முதலில் கூடு, பிறகுதான் மற்றவை. விடிந்ததும் தனியாகப் போய், பாறை இடுக்கில் ஓர் இச்சி மரம் பழுத்திருப்பதைக் கண்டுபிடித்தான். யாரும் தொடாத மரம். தொண்டை கொள்ளும்வரை நிரப்பிக்கொண்டான். நாங்கு மரத்தை நோக்கிப் பறந்தான்.

உள்ளே வெள்ளைக்கண்ணிக்குச் சத்தம் கேட்டது. பல நாட்களாகக் கேட்காத விதமாக அது நேராக வந்துகொண்டிருந்தது. பாரத்தோடு வரும் சிறகின் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

குஞ்சு தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. அவள் அலகைப் பிளவில் நீட்டினாள்.

அப்போது கீழே ஒரு கிளையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"பெருஞ்சிறகா! ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பலா காய்த்திருந்ததே, பழுத்துவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயேன். உனக்கு நாலு சிறகடி!"

தொண்டை நிறையப் பழம் இருந்ததால் பெருஞ்சிறகனால் பேச முடியவில்லை. பேச முடிந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பான் என்று உங்களுக்குத் தெரியும். தலையை ஆட்டினான். காற்றிலேயே திரும்பினான்.

உள்ளே அவளுக்கு அந்தத் திருப்பமும் கேட்டது. சத்தம் ஆற்றுப் பக்கம் போயிற்று. சிறிதாயிற்று. நின்றுவிட்டது. குஞ்சு வெகுநேரம் வாயை மூடவில்லை.

அக்கரையில் பலா பச்சையாகவே இருந்தது. பெருஞ்சிறகன் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மேற்கே வானம் கறுத்தது. கோடை மழை பெய்யப்போகிறது என்று அவன் சிறகை வேகமாக அடித்தான். ஆற்றின் நடுவுக்கு வருவதற்குள் காற்று அவனைப் பிடித்துப் பின்னால் எறிந்தது. மறுபடி முயன்றான். ஆலங்கட்டி விழுந்தது. கிளைகள் முறிந்து ஆற்றில் போயின. அவன் அக்கரையில் ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கினான்.

அன்று முழுவதும் காற்று நிற்கவில்லை. அடுத்த நாளும் நிற்கவில்லை. அவன் திரும்பத் திரும்பப் பறக்கப் பார்த்தான். காற்று திரும்பத் திரும்ப அவனைக் கரையிலேயே போட்டது.

அவன் வயிறு காலியாக இருந்தது. தொண்டையில் பழம் இருந்தது. அதில் ஒன்றைக்கூட அவன் விழுங்கவில்லை.

பொந்துக்குள் குஞ்சின் குரல் மெலிந்துகொண்டே வந்தது. வெள்ளைக்கண்ணி பொந்தின் தரையில் கிடந்த கொட்டைகளைக்கூடக் கிளறிப் பார்த்துவிட்டாள். அவளுடைய புதுச் சிறகுகள் பாதிதான் முளைத்திருந்தன. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் தன் அலகால் வைத்த சுவரைத் தானே கொத்தத் தொடங்கினாள்.

கல்லாகக் காய்ந்த சுவர். கொத்திக் கொத்தி அவள் அலகு நுனி உடைந்தது. ஒரு வழியாக வாசல் திறந்தது. மழை முகத்தில் அடித்தது. வெளியே வந்து கிளையில் நின்றாள். சிறகை விரித்தாள். விழுந்தாள்.

தரையில் சருகு மெத்தையாக இருந்ததால் உயிர் தப்பியது. எழுந்து, நொண்டி நொண்டி நடந்து, காற்றில் உதிர்ந்து கிடந்த ஓர் அத்திப்பழத்தைக் கண்டுபிடித்தாள். அதை அலகில் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். பொந்து எட்டாத உயரத்தில் இருந்தது. தத்தி ஏறப் பார்த்துச் சறுக்கினாள். மறுபடி ஏறிச் சறுக்கினாள். பழத்தை மட்டும் கீழே விடவில்லை.

மூன்றாம் நாள் காற்று சற்றுத் தணிந்தபோது மரங்கொத்தி வந்தது. தன் குஞ்சுகளுக்குப் புழு கொடுத்து முடித்துவிட்டு, யாரும் கூப்பிடாமல் தானாக வந்தது. மரத்தடியில் அவள் நின்ற கோலத்தைப் பார்த்தது.

"கொடு" என்றது.

பழம் சுமந்து பழக்கமில்லாத தன் மெல்லிய அலகில் அந்த அத்தியைக் கவ்விக்கொண்டு, மரத்தண்டில் தொற்றித் தொற்றி மேலே ஏறியது. உடைந்த வாசலுக்குள் தலையை நுழைத்தது.

கீழே வெள்ளைக்கண்ணி காத்திருந்தாள்.

மரங்கொத்தி வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது பழம் அதன் அலகிலேயே இருந்தது.

"வாயைத் திறக்கவில்லை" என்றது.

மாலையில் காற்று நின்றது. ஆற்றுப் பக்கமிருந்து சிறகுச் சத்தம் எழுந்தது. பெரிதாகிக்கொண்டே நேராக நாங்கு மரத்துக்கு வந்தது. இந்த முறை யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பெருஞ்சிறகன் தண்டில் தொற்றி, பழக்கத்தில் பிளவைத் தேடினான். பிளவு இல்லை. சுவரே இல்லை.

உள்ளே பார்த்தான். பிறகு தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக வெளியே எடுத்தான். குஞ்சின் அலகுக்கு எதிரே ஒன்றை வைத்தான். அது வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்ததை வைத்தான். தொண்டை காலியாகும்வரை வைத்துக்கொண்டே இருந்தான். மரத்தடியிலிருந்து வெள்ளைக்கண்ணியோ மரங்கொத்தியோ அவனைத் தடுக்கவில்லை.

செய்தி காட்டுக்குள் பரவியது. பெரியம்மா நாங்கு மரத்தடிக்கு வந்தாள். தும்பிக்கையால் வெள்ளைக்கண்ணியை மெல்லத் தூக்கி ஒரு கிளையில் விட்டாள்.

"தம்பி, உன் வீட்டில் ஒருத்தி அடைபட்டிருக்கிறாள் என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் வேறு ஆளை அனுப்பியிருப்பேனே. கழுகிடம் கேட்டிருப்பேன். இல்லாவிட்டால் நானே நடந்து போய்ப் பார்த்திருப்பேன்."

பெருஞ்சிறகன் தலை நிமிரவில்லை.

"உங்களுக்கு என்மேல் இருந்த நம்பிக்கை போய்விடும் என்று பயந்தேன் பெரியம்மா."

பெரியம்மா பெருமூச்சு விட்டாள். "நீ மெலிந்துபோனதை நான் பார்த்தேன். பார்த்துப் புகழ்ந்தேன். ஏன் மெலிந்தாய் என்று கேட்கவில்லை" என்றாள். திரும்பி நடந்தாள். அன்றிலிருந்து இளசுகளிடம் அவள் யாரையும் காட்டிப் பேசியதில்லை.

வெள்ளைக்கண்ணிக்கு மெதுவாகச் சிறகு வளர்ந்தது. அவள் பெருஞ்சிறகனைவிட்டுப் போகவில்லை. இருவாச்சிகள் அப்படிப் பிரிவதில்லை. ஒரே கிளையில் அமர்ந்தார்கள். ஒரே மரத்தில் பழம் தின்றார்கள்.

அடுத்த வருடம் அத்தி பழுத்தது. வெள்ளைக்கண்ணி பொந்துக்குள் போய் உட்கார்ந்தாள். பெருஞ்சிறகன் ஆற்றங்கரையிலிருந்து நல்ல பசை மண்ணாகப் பார்த்துக் கொண்டுவந்து வாசலில் நின்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். மண்ணைப் பார்த்தாள். அவள் அலகு வெளியே வரவில்லை.

அவன் மண்ணை வைத்துக்கொண்டு நின்றான். வெயில் ஏறியது. மண் அவன் அலகிலேயே காய்ந்து, உதிர்ந்தது.

அணில் சொன்ன கதை இவ்வளவுதான்.

பல வருடங்கள் கழித்து ஒரு நாள் அந்த மலை அணிலை மறுபடி பார்த்தேன். மிளா என்ன கேட்டது, கரடி என்ன கேட்டது, கருமந்தி என்ன கேட்டது என்று எல்லாவற்றையும் பெயரோடு சொன்ன அணில், அந்தக் கடைசிக் காலையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் 'யாரோ கூப்பிட்டார்கள்' என்றது எனக்கு நினைவுக்கு வந்தது. கேட்கலாமா, வேண்டாமா என்று வெகுநேரம் தயங்கினேன். பிறகு கேட்டேன்.

"அணிலே, அக்கரையில் இருந்த அந்தப் பலா பிறகு பழுத்ததே, அதைச் சாப்பிட்டது யார்?"

நீதி: முதலில் தந்த வாக்கைக் காப்பதற்காக, அடுத்துக் கேட்பவரிடம் 'முடியாது' என்று சொல்லத் தெரிந்தவரே நம்பி வேலை ஒப்படைக்கத் தக்கவர்.